தராசில் ஏறாத திறன்

நுழையும்முன்

விளையாட்டில் வெற்றி பெறுவதற்கான வழிகளைப் பலரும் கற்பிக்கின்றனர். வெற்றியும் தோல்வியும் பொருளுடையனவாக அமைய, களத்தில் நிற்கும் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒத்த திறனுடையோராய் இருத்தல் வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத எளிய மக்கள், மாலைப் பொழுதில் மகிழ்ச்சிக்காக ஆடும் ஆட்டத்தில் இந்த ஒப்புமையை எவ்வாறு காப்பது? அமெரிக்க நாட்டின் மென்பந்தாட்டத் திடல் ஒன்றில் ஓர் ஆசிரியை கண்டவற்றையும் எண்ணியவற்றையும் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

வயதுக்குச் சான்றிதழ், எடைக்குத் தராசு

நம் பள்ளிகளில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும் காலத்தில் உடற்கல்வி ஆசிரியரின் மேசையில் குவிந்து கிடப்பவை பிறப்புச் சான்றிதழ்களே. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர், பதினேழு வயதுக்கு உட்பட்டோர், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என மாணவர்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். மல்யுத்தத்திலும் குத்துச்சண்டையிலும் வீரர்கள் களமிறங்கும்முன் எடைபோடப்படுகின்றனர். பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பத்தொன்பது வயது இளைஞனோடு ஓடவிட்டுப் பரிசளிப்பதை யாரும் போட்டி என்று கொள்வதில்லை.

வயதை அறியச் சான்றிதழ் இருக்கிறது. எடையை அறியத் தராசு இருக்கிறது. திறனை அறிய என்ன இருக்கிறது? ஒரே வயதும் ஒரே எடையும் உடைய இருவருள் ஒருவர் பத்தாண்டுகள் பயிற்சி பெற்றவராகவும், மற்றவர் சென்ற வாரம் மட்டையைக் கையில் எடுத்தவராகவும் இருக்கலாம். அவர்களை ஒரே களத்தில் நிறுத்தி, ‘விதிகள் இருவருக்கும் பொது’ என்று கூறினால் அது நியாயமாகுமா? இவ்வினாவுக்கான விடையைத் தேடி நூற்றாண்டுக்கும் மேலாக முயன்றுவரும் ஆட்டம் ஒன்றை அயல்நாட்டில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

கையுறையில் பிறந்த ஆட்டம்

சில ஆண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில், சிகாகோ நகரின் புறநகர்ப் பகுதியில் வாழும் என் தம்பியின் இல்லத்தில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தேன். அலுவலகம் முடிந்ததும் வாரத்தில் ஒருநாள் அவன் தன் அணியினரோடு பூங்காத் திடலுக்குச் செல்வான். அங்கு அவர்கள் ஆடியது ‘சாஃப்ட்பால்’ எனப்படும் மென்பந்தாட்டம்.

இவ்வாட்டம் பிறந்த ஊரும் சிகாகோவே. 1887ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நன்றி நவிலும் நாளன்று, ஃபாரகட் படகுக் குழுவின் மாளிகையில் இளைஞர்கள் சிலர் கூடியிருந்தனர். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த கால்பந்துப் போட்டியின் முடிவுக்காக அவர்கள் காத்திருந்தனர். முடிவு வந்த மகிழ்ச்சியில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவர் அதனைக் கோலால் தட்டினார். அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் கையுறையைப் பந்துபோல் கட்டி, தரையில் கோடு வரைந்து, உள்ளரங்கிலேயே பேஸ்பால் ஆடும் முறையை வகுத்தார். ‘சாஃப்ட்பால்’ என்னும் பெயரோ 1926ஆம் ஆண்டில்தான் முன்மொழியப்பட்டது.

1933ஆம் ஆண்டு சிகாகோ உலகப் பொருட்காட்சியின்போது நாடு தழுவிய பெரும் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அப்போதே விரைவாகப் பந்தெறியும் அணிகள், மெதுவாகப் பந்தெறியும் அணிகள், மகளிர் அணிகள் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. அதே ஆண்டில் தொழில்முறை சாராத ஆட்டக்காரர்களுக்கான சங்கம் தோன்றியது. அமெரிக்க மென்பந்தாட்டச் சங்கம் என அறியப்பட்ட அவ்வமைப்பு இன்று ‘யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால்’ என்னும் பெயரில் இயங்குகிறது.

வேகத்தைக் குறைத்ததன் பயன்

ஒலிம்பிக்கில் ஆடப்பட்டது விரைவாகப் பந்தெறியும் முறை. அதில் பந்தெறிபவர் ஒருவர் தேர்ந்தவராக இருந்தால் போதும். எதிரணியின் மட்டையாளர்கள் பந்தைத் தொடாமலே வெளியேறுவர். ஏனைய களக்காப்பாளர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

மெதுவாகப் பந்தெறியும் முறை இந்நிலையை மாற்றியது. பந்தைக் கைதாழ்த்தி மெல்ல எறிய வேண்டும். அது வில்போல் வளைந்து மேலெழுந்து இறங்க வேண்டும். யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் விதிப்படி அவ்வளைவின் உச்சி தரையிலிருந்து 6 அடி உயரத்தையேனும் எட்ட வேண்டும். அவ்வாறு வரும் பந்தை ஏறத்தாழ எவரும் அடிக்கலாம். பந்து அடிக்கப்படுவதால் களத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் ஓடவும் பிடிக்கவும் எறியவும் வேலை கிடைக்கிறது. ஒருவருடைய கையில் குவிந்திருந்த ஆட்டம் பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது என்றே இதனைக் கூறலாம்.

என் தம்பியின் அணியில் கணக்காளர் ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் எனப் பலர் இருந்தனர். அறுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரும் இருந்தார். அவருக்கு முழங்கால் வலி இருந்தது. ஆயினும் பந்தை எறிவதில் அவரே அணியின் நம்பிக்கை. வளைந்து இறங்கும் அவருடைய பந்தை எதிரணியினர் அடிப்பர். சில வேளைகளில் அது நேராகக் களக்காப்பாளரின் கைக்கே போய்ச் சேரும். அப்போது அவர் முகத்தில் தோன்றும் நிறைவை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சமன்செய்யும் விதிகள்

வேகத்தைக் குறைத்தவுடன் வேறொரு சமமின்மை தலைதூக்கியது. மெல்ல வரும் பந்தை வலிமையுடையவர் எல்லைக்கு அப்பால் அடித்துக்கொண்டே இருந்தால் களக்காப்பாளர்களுக்கு மீண்டும் வேலையில்லாமல் போய்விடும். ஆகவே அணிகளை ஏ, பி, சி, டி, இ எனத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஹோம் ரன் வரம்பு விதித்தனர். தரம் தாழத் தாழ வரம்பும் குறையும். வரம்பைக் கடந்து எல்லைக்கு வெளியே அடிக்கப்படும் பந்து, ஓட்டத்தைத் தருவதற்குப் பதிலாக ஆட்டமிழப்பாகக் கணக்கிடப்படும்.

ஆடவரும் மகளிரும் சேர்ந்து ஆடும் போட்டிகளில் மற்றொரு சிக்கல் எழுந்தது. வலிமையான ஆடவருக்கு வேண்டுமென்றே தவறான பந்துகளை எறிந்து அவரை முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்து வரும் பெண்ணை எளிதில் வீழ்த்தலாம் என்று சிலர் எண்ணினர். அதனைத் தடுக்க, அவ்வாறு அனுப்பப்படும் ஆடவருக்கு இரண்டு தளங்கள் வழங்கப்படும் என்று விதி செய்தனர். இருவர் ஆட்டமிழந்த நிலையில், அடுத்து வரும் பெண் மட்டை பிடிக்கவோ, ஆடாமலே முதல் தளத்துக்குச் செல்லவோ தாமே முடிவெடுக்கலாம். பெண்ணை எளிய இலக்காகக் கருதிய சூழ்ச்சி இவ்விதியால் பயனற்றுப் போயிற்று.

மட்டைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2004ஆம் ஆண்டு முதல், அடிக்கப்படும் பந்தின் வேகம் மணிக்கு 98 மைலைத் தாண்டாத மட்டைகளே ஏற்கத்தக்கவை என அமெரிக்கச் சங்கம் வரையறுத்தது. அது மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர். பந்தெறிபவர் நிற்பது 50 அடித் தொலைவில். அவ்வேகத்தில் திரும்பி வரும் பந்து அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் அவரை அடைந்துவிடும். ஆகவே மட்டையின் உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்கி அதன் விசையைக் கூட்டுவோர் நியாயத்தை மீறுவதோடு பிறர் உயிருக்கும் ஊறு செய்கின்றனர். அங்கீகார முத்திரை இல்லாத மட்டைகளை நடுவர் களத்தினுள் அனுமதிப்பதில்லை.

வரம்புகள் பல இருந்தும் ஓர் அணி பெரிதும் பின்தங்கிவிட்டால், குறிப்பிட்ட சுற்றுக்குப்பின் ஆட்டத்தை முடித்துவிடும் ‘கருணை விதி’யும் உண்டு. தோற்கும் அணி மேலும் துன்புறாமல் இவ்விதி காக்கிறது.

விதிகள் எட்டாத இடம்

இத்தனை விதிகளையும் ஒரு மாலைப் பொழுது எளிதாகத் தாண்டிச் சென்றதை நான் கண்டேன்.

என் தம்பியின் அணி அத்திடலின் கடைசித் தரத்தில் ஆடியது. புதிதாகப் பதிவுசெய்த அணி ஒன்று அதே தரத்தில் அவர்களை எதிர்கொண்டது. அவர்களுடைய ஓட்டத்தையும் எறிதலையும் கண்ட சில நிமிடங்களிலேயே, அவர்கள் பல ஆண்டுகள் முறையாகப் பயின்றவர்கள் என்பது ஆட்டம் அறியாத எனக்கும் விளங்கிவிட்டது. கல்லூரிக் காலத்தில் பேஸ்பால் ஆடியவர்கள் அவர்களுள் பலர். முந்தைய பருவத்தில் வேறொரு பெயரில் உயர்தரத்தில் ஆடியவர்களும் இருந்தனர்.

அன்று அவர்கள் ஹோம் ரன் வரம்பைத் தொடவே இல்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. களக்காப்பாளர்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் பார்த்துப் பார்த்து அடித்தனர். முத்திரை பெற்ற மட்டைகளையே பயன்படுத்தினர். நடுவரிடம் மரியாதையாக நடந்துகொண்டனர். ஐந்தாம் சுற்றின் முடிவில் 21 ஓட்டங்களுக்கு 2 என்னும் நிலையில் கருணை விதிப்படி ஆட்டம் முடிவுற்றது. பேருந்து ஓட்டுநர் தம் மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் புறப்பட்டார். தீயணைப்பு வீரரோ, அடுத்த வாரம் தாம் வருவது ஐயமே என்றார்.

இல்லம் திரும்பும் வழியில் தம்பி சொன்னான்: “அக்கா, தோற்றதற்காக எங்களில் யாரும் வருந்தவில்லை. நாங்கள் எத்தனையோ முறை தோற்றவர்கள்தாம். இன்று நாங்கள் ஆடவே இல்லையே! அவர்கள் ஆடினார்கள், நாங்கள் பந்தைப் பொறுக்கிக் கொடுத்தோம்.”

வலிமையை மறைத்துத் தாழ்ந்த தரத்தில் நுழைவதை அங்கு ‘சேண்ட்பேகிங்’ என்பர். எளிதில் வெல்லலாம், கோப்பையைக் கைப்பற்றலாம் என்னும் ஆசையே இதன் வேர். எடை மிகுந்தவர் தராசில் ஏறினால் முள் காட்டிக்கொடுத்துவிடும். திறன் மிகுந்தவரோ தம் வாயால் சொன்னாலன்றிப் பதிவுத்தாளில் அது தெரிவதில்லை. ஆகவே, தரம் பிரிக்கும் முறை முழுவதும் ஆட்டக்காரரின் நேர்மை என்னும் ஒற்றைத் தூணின்மேல் நிற்கிறது.

ஒரு பெண்மணியின் தீர்ப்பு

அடுத்த வாரம், பூங்கா நிர்வாகத்தின் சார்பில் போட்டிகளை நடத்திய பெண்மணி இரு அணித் தலைவர்களையும் அழைத்துப் பேசினார். தம்பியோடு நானும் அருகில் நின்றிருந்தேன்.

“நாங்கள் எந்த விதியை மீறினோம்? விதிப்புத்தகத்தில் காட்டுங்கள்” என்று புதிய அணியின் தலைவர் கேட்டார். குரலில் சினம் இருந்தது. கேள்வியில் தருக்கமும் இருந்தது. பதிவுத்தாளில் எல்லாப் பெயர்களும் முறையாக இருந்தன. கட்டணம் செலுத்தப்பட்டிருந்தது. எந்தத் தரத்தில் ஆடுவது என்பதை அணிகளே தெரிவுசெய்யலாம் என்றுதான் அவ்விதிப்புத்தகம் கூறியது.

அப்பெண்மணி பொறுமையாக விடையளித்தார். “நீங்கள் விதியை மீறினீர்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் சில ஆட்டங்களின் முடிவுகளைப் பார்த்து அணிகளைத் தரம் மாற்றும் பொறுப்பு எனக்கு உண்டு. கடைசித் தரத்தை எளிதாகக் கோப்பை வெல்லும் இடமாக நாங்கள் வைக்கவில்லை. இப்போதுதான் ஆடத் தொடங்கியவர்களும் இனி வேகமாக ஓட இயலாதவர்களும் ஆடுவதற்கு இந்த ஊரில் வேறு இடம் இல்லை. உங்களுக்கு இன்னும் இரண்டு தரங்கள் திறந்திருக்கின்றன.”

அவர் யாரையும் தண்டிக்கவில்லை. பெற்ற வெற்றியைப் பறிக்கவும் இல்லை. அந்த அணியை மேல்தரத்துக்கு மாற்றினார். அவர்கள் முணுமுணுத்தபடியே சென்றனர். அங்கு அவர்கள் சில ஆட்டங்களில் வென்றதாகவும் சிலவற்றில் தோற்றதாகவும் பின்னர் அறிந்தேன். நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் தம்பியின் அணி மற்றொரு அணியோடு மோதியது. கடைசிச் சுற்றின் கடைசி மட்டையாளர் வரை முடிவு தெரியவில்லை. 11-க்கு 9 என்னும் கணக்கில் தம்பியின் அணி தோற்றது. தீயணைப்பு வீரர் அன்று ஏழு சுற்றுகளிலும் பந்தெறிந்தார்; ஆட்டம் முடிந்தபின்னும் நெடுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பொய்யின் விலை

வலியவர் தம்மை மெலியவராகக் காட்டிக்கொள்வதன் இழப்பு ஓர் ஆட்டத்தோடு முடிவதில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற பாராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்துப் பிரிவில் ஸ்பெயின் நாட்டு அணி தங்கம் வென்றது. அவ்வணியின் 12 வீரர்களுள் 10 பேருக்கு அத்தகைய குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. கேடு அத்தோடு நிற்கவில்லை. தகுதியைச் சரிபார்க்கும் முறை நம்பத்தக்கதாக இல்லை என்பதால், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான போட்டிகள் அடுத்த இரு பாராலிம்பிக்குகளிலும் இடம்பெறவில்லை. 2012ஆம் ஆண்டு இலண்டனில்தான் சில விளையாட்டுகளில் அவர்கள் மீண்டும் பங்கேற்க முடிந்தது. சிலருடைய பொய், உண்மையாகவே அப்பிரிவுக்கு உரியவர்களின் பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கிவிட்டது.

பிரிவுகள் நேர்மையாகக் காக்கப்படும்போது என்ன நிகழும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் டி42 பிரிவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். சிறுவயதில் விபத்தில் வலக்கால் பாதிக்கப்பட்ட அவருக்கு, ஒத்த நிலையில் உள்ளோரோடு மோதும் களம் ஒன்று இருந்தது. அக்களத்தில் அவருடைய திறன் முழுமையாக வெளிப்பட்டது.

திறனை அளக்கும் முயற்சிகள்

ஆட்டக்காரரின் சொல்லை மட்டும் நம்பாமல், ஆட்டத்தின் முடிவுகளைக்கொண்டே திறனைக் கணிக்கும் முறைகளும் உருவாகியுள்ளன. இயற்பியல் பேராசிரியர் ஆர்பாத் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960ஆம் ஆண்டிலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. வலியவரை வென்றால் புள்ளி மிகுதியாக உயரும். மெலியவரிடம் தோற்றால் மிகுதியாகக் குறையும். 1600-க்குக் குறைந்த தரப்புள்ளி உடையோருக்கெனத் தனிப் போட்டிகள் நம் ஊர்களிலும் நடைபெறுவதைச் சதுரங்கம் ஆடும் மாணவர்கள் அறிவர். ஆயினும் பரிசுக்காக வேண்டுமென்றே சில ஆட்டங்களில் தோற்றுப் புள்ளியைக் குறைத்துக்கொள்பவரை எந்தக் கணக்கும் முழுமையாகத் தடுத்துவிட முடியாது. எண்களும் இறுதியில் மனிதரின் நேர்மையையே நாடி நிற்கின்றன.

சமன்செய்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் அணி சிறிது முன்னேறியவுடன் அதன்மேல் மேலும் மேலும் வரம்புகளைச் சுமத்தினால், ‘ஏன் பயில வேண்டும்?’ என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றும். தேர்ந்தவர்களுடைய ஆட்டத்தைக் கண்டு கற்கும் வாய்ப்பும் புதியவர்களுக்கு வேண்டும். ஆகவே நல்ல முறை என்பது படிக்கட்டைப் போன்றது. ஒவ்வொரு படியிலும் நிற்க இடம் இருக்க வேண்டும். மேலே ஏற வழியும் இருக்க வேண்டும். மேல்தரத்துக்கு மாற்றப்படுவதை இழப்பாகக் கருதாமல் பெருமையாகக் கருதும் மனநிலையை அணிகளிடம் வளர்த்தல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவர்களே! மாலை வேளைகளில் உங்கள் பள்ளித் திடலில் அணி பிரிக்கும்போது சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஆற்றல் மிக்கவர்கள் அனைவரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு வெல்வது எளிது. இருவர் தலைவர்களாக நின்று மாறி மாறி ஆட்களைத் தெரிவுசெய்யும் பழக்கம் நம் தெருக்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதில் கடைசியாகத் தெரிவுசெய்யப்படும் மாணவரின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவரும் பந்தைத் தொட வேண்டும். அவர் எடுக்கும் ஓர் ஓட்டமும் முடிவை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் மறுநாளும் திடலுக்கு வருவார்.

உங்களுள் திறன் மிகுந்தவருக்கு ஒரு கடமை இருக்கிறது. தம் திறனை உள்ளவாறு அறிவித்து, தமக்கு நிகரானவரைத் தேடிச் சென்று மோதுவதே அக்கடமை. அங்கே தோல்வி நேரலாம். அத்தோல்வி அவரை வளர்க்கும். அவர் விட்டுச்சென்ற களத்தில் மற்றவர்கள் ஆடத் தொடங்குவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றில், புதியவர்களும் தேர்ந்தவர்களும் சேர்ந்து ஆடுவதற்கு ஏற்ற மூன்று விதிகளை உருவாக்கி, அவற்றுக்கான காரணங்களை எழுதுக.

2. ‘விதியை மீறாதிருத்தலும் நியாயமாக நடத்தலும் ஒன்றே’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.